பணிப்பெண் முதல் பாட்டி வரை: கொரிய நடிகை யூன் யோ-ஜொங்கின் திரைவாழ்வில் வீட்டுழைப்பும் ஊதியமும்

ஆய்வுச் சுருக்கம்

தென்கொரிய நடிகை யூன் யோ-ஜொங் 1966-இல் தொலைக்காட்சி வழியாக நடிப்புத் துறைக்குள் நுழைந்து, 2021-இல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றவர். அவரது திரைவாழ்வு பெரும்பாலும் காலந்தாழ்ந்து கிடைத்த வெற்றியாகவே விவரிக்கப்பட்டு வருகிறது. அவ்விவரிப்பு அவரது தொழில் வரலாற்றின் நடுப்பகுதியை மறைத்துவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அவர் ஏற்ற முக்கியக் கதைமாந்தர் பலர் பிறர் வீட்டிலோ தம் மக்கள் வீட்டிலோ சமைத்தும் பேணியும் உழைக்கும் பெண்களாக அமைகின்றனர். அவரும் நடிப்பைப் பிழைப்புக்கான வேலை என்றே பலமுறை குறிப்பிட்டுள்ளார். இவ்விரு செய்திகளையும் இணைத்து நோக்குவதாக இவ்வாய்வு அமைகிறது.

குறிச்சொற்கள்: கொரியத் திரைப்படம், யூன் யோ-ஜொங், வீட்டுழைப்பு, முதுமை, குடும்பத் தொடர், புலம்பெயர்வு

முன்னுரை

2021 ஏப்ரல் 25 அன்று ஆஸ்கர் விருதைப் பெற்றுக்கொண்டபோது யூன் யோ-ஜொங்குக்கு வயது 73. நடிப்புக்காக இவ்விருதைப் பெற்ற முதல் கொரியர் அவர். துணை நடிகைப் பிரிவில் ஆசியப் பெண் ஒருவர் விருது பெற்றது அதற்குமுன் ஒரே ஒருமுறைதான் நிகழ்ந்திருந்தது. 'சயோனாரா' (1957) திரைப்படத்துக்காக ஜப்பானிய நடிகை மியோஷி உமெக்கி 1958-இல் அதைப் பெற்றார். மேடையில் யூன் ஆற்றிய சிற்றுரையின் மூன்று செய்திகள் இவ்வாய்வுக்குப் பயன்படுகின்றன. மேற்கத்தியர் தம் பெயரைப் பலவாறாகப் பிழைபட உச்சரித்துவந்ததை அன்றிரவு மன்னித்துவிட்டதாக அவர் நகையாடினார். தம்மை வேலைக்குப் போகச் செய்த இரு மகன்களுக்கும் நன்றி கூறி, அம்மா கடுமையாக உழைத்ததன் பயனே இவ்விருது என்றார். இறுதியில், தம் முதல் திரைப்படத்தை இயக்கிய கிம் கி-யொங்குக்கு விருதைக் காணிக்கையாக்கினார்.

உலக ஊடகங்கள் முதற்செய்தியைக் கொண்டாடின. திரைப்பட ஆர்வலர்கள் மூன்றாவதைப் பற்றிக்கொண்டனர். இரண்டாவது செய்தி ஒரு தாயின் வேடிக்கைப் பேச்சாக மட்டுமே கொள்ளப்பட்டது. ஆனால் அவரது ஐம்பதாண்டுக்கும் மேற்பட்ட தொழில் வரலாற்றைக் கால வரிசையில் வைத்துப் பார்க்கும் ஆய்வாளருக்கு அந்த இரண்டாம் செய்தியே திறவுகோலாக அமைகிறது.

பெயர் குறித்து ஒரு விளக்கம் இவ்விடத்தில் தேவையாகிறது. கொரிய வழக்கில் குடிப்பெயர் முன்னும் இடுபெயர் பின்னும் வரும். மணமான பின்னும் பெண்கள் தந்தை வழிக் குடிப்பெயரையே கொண்டிருப்பர். எனவே இக்கட்டுரையில் 'யூன்' என்று சுட்டப்படுவது அவரது குடிப்பெயராகும். கொரிய ஒலிகள் சிலவற்றைத் தமிழ் எழுத்தில் துல்லியமாகக் காட்ட இயலாது. ஆகவே ஒலிக்கு நெருக்கமான வடிவங்களே இங்குக் கையாளப்பட்டுள்ளன. திரைப்படத் தலைப்புகள் பொருள் நோக்கித் தமிழாக்கப்பட்டுள்ளன.

தொடக்கம்: கேசொங்கும் தொலைக்காட்சியும்

யூன் 1947 ஜூன் 19 அன்று கேசொங் நகரில் பிறந்தார். அவர் பிறந்தபோது அந்நகர் 38-ஆம் அகலக்கோட்டுக்குத் தெற்கே, அமெரிக்க ஆளுகைக்கு உட்பட்ட பகுதியில் இருந்தது. கொரியப் போர் 1953-இல் நின்றபோது அது வடகொரியாவின் பக்கம் சேர்ந்துவிட்டது. ஆகவே தென்கொரியக் குடிமகளான யூனுக்குப் பிறந்த ஊர் எட்டாத ஊராயிற்று. சியோலில் வளர்ந்த அவர் ஹன்யாங் பல்கலைக்கழகத்தில் கொரிய மொழி இலக்கியம் பயிலத் தொடங்கினார். 1966-இல் டிபிசி தொலைக்காட்சியின் நடிகர் தேர்வில் வென்ற பின் அப்படிப்பைத் தொடரவில்லை.

1971-இல் எம்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'ஜாங் ஹீ-பின்' என்னும் வரலாற்றுத் தொடர் அவரை நாடறியச் செய்தது. ஜோசொன் அரசவையில் தாழ்ந்த நிலையிலிருந்து அரசியாக உயர்ந்து, பின்னர் நஞ்சு கொடுத்துக் கொல்லப்பட்ட காமக்கிழத்தியின் கதை அது. அக்கதைமாந்தர் மீது பார்வையாளர் கொண்ட வெறுப்பு நடிகையின் மீதே திரும்பியதாக யூன் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். அக்காலத் தொடர்களுள் பெரும்பாலானவற்றின் ஒளிநாடாக்கள் இன்று கிடைப்பதில்லை. யூனின் தொடக்ககால நடிப்பைப் பற்றிய மதிப்பீடுகள் யாவும் அவர் நடித்த திரைப்படங்களை மட்டுமே சான்றாகக் கொள்வதற்கு இதுவே காரணம். அவரது தொழிலின் பெரும்பகுதியாகிய தொலைக்காட்சி ஆய்வுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

'சிக்மோ': சோறிடும் தாய்

கிம் கி-யொங்கின் 'நெருப்புப் பெண்' (1971) யூனின் முதல் திரைப்படம். அதே இயக்குநரின் 'பணிப்பெண்' (1960) என்னும் புகழ்பெற்ற படத்தின் மறு ஆக்கம் அது. கொரிய மொழியில் 'ஹாநியோ', 'ஹ்வாநியோ' என இரு தலைப்புகளும் 'பெண்' என்னும் பொருள்தரும் 'நியோ' ஈற்றால் இணைந்தவை. 1972-இல் யூன் நடித்த 'பூச்சிப் பெண்' ('சுங்நியோ') படமும் இவ்வரிசையில் சேரும்.

'நெருப்புப் பெண்' படத்தில் யூன் ஏற்ற மியொங்-ஜா என்னும் பாத்திரம் நாட்டுப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்த இளம்பெண். நல்ல இடத்தில் மணமுடித்து வைப்பதாகச் சொன்ன உறுதிமொழியை நம்பி ஒரு வீட்டில் வேலைக்கு அமர்கிறாள். வீட்டுத் தலைவன் இசையமைப்பாளன். கோழிப்பண்ணை நடத்தி வீட்டைத் தாங்குபவள் அவன் மனைவி. குடிபோதையில் தலைவன் பணிப்பெண்ணைக் கெடுக்கிறான். மனைவி அவளைக் கருக்கலைப்புக்கு உட்படுத்துகிறாள். அதன்பின் நிகழும் பழிவாங்கல் எவரையும் விட்டுவைப்பதில்லை.

1960, 1970களில் கொரிய நகரங்களில் நடுத்தரக் குடும்பங்கள்கூட நாட்டுப்புறச் சிறுமியரை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டன. அவர்களைக் குறிக்க வழங்கிய சொல் 'சிக்மோ' என்பதாகும். உணவு, தாய் எனப் பொருள்படும் இரு சீன எழுத்துகளின் கூட்டு அது. வேலைக்கு அமர்த்தப்பட்ட பெண்ணின் பெயரிலேயே தாய்மை ஒட்டிக்கொண்டிருப்பது கருதத்தக்கது. தமிழில் 'வேலைக்காரம்மா', 'சமையற்காரம்மா' என்னும் வழக்குகளை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. முறைப்பெயர் உறவைத் தருவதுபோல் காட்டி, ஊதியத்தைப் பற்றிய பேச்சைத் தள்ளிப்போடுகிறது. மியொங்-ஜாவுக்குக் கொடுக்கப்பட்ட உறுதிமொழியும் அத்தகையதே. உழைப்புக்கு ஈடாக அவளுக்குக் காட்டப்படுவது பணமன்று, திருமணம்.

கிம் கி-யொங் பல் மருத்துவம் பயின்றவர். அவர் மனைவி பல் மருத்துவராகத் தொழில் செய்து ஈட்டிய வருவாய் அவருடைய படங்களுக்கு முதலாயிற்று என்பது கொரியத் திரை வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. அவரது படங்களில் வருவாய் ஈட்டும் மனைவியரும் வலுவிழந்த கணவரும் திரும்பத் திரும்ப வருவதை இப்பின்னணியில் வைத்து விளக்குவோர் உளர். அவ்விளக்கம் பயனுடையதே. ஆயினும் அது இயக்குநரை மட்டுமே மையப்படுத்துகிறது. 1960-இல் வெளிவந்த படத்தின் பணிப்பெண் விலங்குத்தன்மை மிக்க அச்சுறுத்தலாகப் படைக்கப்பட்டிருந்தாள். யூனின் மியொங்-ஜாவோ முதற்பாதியில் வாய்விட்டுச் சிரிக்கிறாள், வெகுளியாகக் கேள்வி கேட்கிறாள், தனக்குத் தரப்பட்ட வாக்கை நினைவூட்டுகிறாள். பிற்பாதியில் அவள் செய்யும் கொடுமைகளை ஒரு கடன்காரியின் கணக்குத் தீர்ப்பாகப் பார்வையாளர் உணர்வதற்கு இந்நடிப்பே காரணம் என்பது என் கருத்து. ஆங்காங்கே குரல் தட்டையாக ஒலிப்பதும் உண்மை. பழைய கதாநாயகியரின் இழைந்த குரலுக்குப் பழகிய செவிக்கு அது குறையாகவும் படலாம்.

இப்படத்துக்காக யூன் கொரியாவின் நீல நாக விருதையும், ஸ்பெயினின் சிட்கெஸ் திரைவிழாவில் சிறந்த நடிகை விருதையும் பெற்றார். 'பூச்சிப் பெண்' படத்தில் மணமான ஆண் ஒருவனின் ஆசைநாயகியாக நடித்தார். மனைவியும் ஆசைநாயகியும் அவனை நேரக்கணக்கில் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அப்படத்தின் மையம். வீட்டில் பெண்ணின் இடம் ஒப்பந்தமாகப் பேசித் தீர்க்கப்படுவது அங்கு வெளிப்படையாகவே காட்டப்படுகிறது.

இடைவெளி

1960களின் இறுதியில் கொரியத் திரையுலகை ஆண்டவர் முன் ஹீ, நாம் ஜொங்-இம், யுன் ஜொங்-ஹீ ஆகிய மூவர். 1970களின் தொடக்கத்தில் முன் ஹீயும் நாம் ஜொங்-இம்மும் மணம் புரிந்து திரையை விட்டு விலகினர். யுன் ஜொங்-ஹீ பிரான்சுக்குச் சென்று, அங்குப் பியானோ கலைஞர் ஒருவரை மணந்தார். மணமான நடிகை விலகுவது அன்று எழுதப்படாத விதியாக இருந்தது. திரைத்துறையும் அப்போது தளர்ந்துகொண்டிருந்தது. 1970-இல் ஆண்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த நாடு, அப்பத்தாண்டின் நடுவில் ஏறத்தாழ நூறு படங்களே எடுத்தது. 1972-இன் யுஷின் அரசமைப்பும் அதைத் தொடர்ந்து இறுகிய தணிக்கையும் தொலைக்காட்சியின் பரவலும் இதற்குக் காரணங்கள்.

யூனும் 1970களின் நடுவில் பாடகர் ஒருவரை மணந்து அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் குடியேறினார். இரு மகன்கள் பிறந்தனர். 1984-இல் கொரியாவுக்குத் திரும்பினார். 1987-இல் மணமுறிவு நிகழ்ந்தது. மகன்களை வளர்க்கும் பொறுப்பு அவருடையதாயிற்று.

திரைக்கலைஞர் வரலாறுகளில் இத்தகைய ஆண்டுகள் 'இடைவெளி' என்னும் ஒரு சொல்லில் கடக்கப்படும். ஆனால் யூன் மீண்டும் வேலை தேடிய நிலையை அறிந்தால் அதன் பொருள் மாறுகிறது. அவர் தொழில் கற்ற டிபிசி நிலையமே அப்போது இல்லை. 1980-இல் சன் தூ-ஹ்வானின் படையாட்சி ஊடகங்களை ஒருங்கிணைத்தபோது அது அரசு நிறுவனமான கேபிஎஸ்ஸுடன் இணைக்கப்பட்டுவிட்டது. நாற்பதை நெருங்கிய, மணமுறிவு பெற்ற பெண் வீடுதோறும் தொலைக்காட்சியில் தோன்றுவதை அன்றைய கொரியச் சமூகம் விரும்பவில்லை. பார்வையாளர் தம்மைத் திரையில் காண மறுத்த காலத்தை யூன் பல நேர்காணல்களில் நினைவுகூர்ந்துள்ளார். ஒருகட்டத்தில் அமெரிக்காவுக்கே திரும்பி, மணிக்கு 2.75 டாலர் ஊதியத்தில் பல்பொருள் அங்காடியில் காசாளராக வேலை பார்க்கலாம் என எண்ணியதாகவும் கூறியுள்ளார். நடிப்பும் காசாளர் வேலையும் ஒரே தராசின் இரு தட்டுகளாக அவர் மனத்தில் இருந்ததை இக்கூற்று காட்டுகிறது. சிறு வேடம், பெரு வேடம் என்னும் வேறுபாடு பாராமல் அவர் வந்தவற்றை ஏற்றார்.

குடும்பத் தொடர் தந்த இடம்

அவருக்கு மறுவாழ்வளித்தவர்களுள் முதன்மையானவர் தொலைக்காட்சி எழுத்தாளர் கிம் சூ-ஹ்யொன். கூர்மையும் வேகமும் மிக்க உரையாடலுக்குப் பெயர்பெற்ற அவர், தமக்கு ஏற்ற நடிகர் குழுவொன்றைத் தொடர்தோறும் பயன்படுத்தினார். 1985-இல் பாக் சொல்-சூ இயக்கிய 'தாய்' படத்தின் கதை வசனமும் அவருடையதே. கடத்தப்பட்டுச் சீரழிக்கப்பட்ட மகளுக்காகக் கொலைசெய்யத் துணியும் வானொலி நிகழ்ச்சியாளராக யூன் அதில் நடித்தார். அப்படத்தின் கொரியத் தலைப்பு 'எமி' என்பது. தாயைக் குறிக்கும் மதிப்புச் சொல்லான 'ஒமொனி' தவிர்க்கப்பட்டு, கொச்சையும் கடுமையும் தொனிக்கும் சொல் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது.

1991-92-இல் எம்பிசியில் வெளியான 'காதல் என்றால் என்ன' தொடர் ஏறத்தாழ 60 விழுக்காட்டுப் பார்வையாளரை ஈர்த்தது. 1997-இல் சீன மத்தியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிக் கொரிய அலைக்கு வித்திட்ட தொடராகவும் அது கருதப்படுகிறது. கணவனுக்கு அடங்கி நடக்கும் மணமகன் வீட்டுத் தாயாகக் கிம் ஹே-ஜாவும், கட்டுப்பாடு தளர்ந்த மணமகள் வீட்டுத் தாயாக யூனும் அதில் நடித்தனர். இந்த இணை சிந்திக்கத்தக்கது. 1980 முதல் 2002 வரை ஒளிபரப்பான 'சிற்றூர் நாட்குறிப்பு' தொடரின் வழியாகக் கிம் ஹே-ஜா 'நாட்டின் தாய்' என்னும் அடைமொழியைப் பெற்றவர். பொங் ஜூன்-ஹோவின் 'தாய்' (2009) அந்த அடைமொழியைத் தலைகீழாக்கியே அதிர்ச்சியூட்டியது. யூனுக்கு அத்தகைய அடைமொழி ஒருபோதும் வாய்க்கவில்லை. அவர் ஏற்ற தாய்மாரிடம் ஒரு விலகலும் கணக்குப் பார்க்கும் பார்வையும் இருந்தன. தியாகத் தாய் வேடம் கிட்டாமற் போனதே முதுமையில் அவருக்கு வேறு வேடங்கள் கிட்ட வழிசெய்தது எனலாம்.

அறுபதைத் தாண்டிய பணிப்பெண்

நெடுங்காலம் திரைப்படங்களிலிருந்து விலகியிருந்த யூனை இம் சாங்-சூவின் 'வழி தவறிய குடும்பம்' (2003) மீண்டும் பெருந்திரைக்கு அழைத்துவந்தது. ஆங்கிலத்தில் இப்படம் 'நல்ல வழக்கறிஞரின் மனைவி' என்னும் பொருளில் வழங்குவதால், கதை மருமகளை மட்டுமே பற்றியது என்னும் எண்ணம் ஏற்படுகிறது. கொரியத் தலைப்போ குடும்பம் முழுவதையும் சுட்டுகிறது. யூனின் மாமியார் பாத்திரம் அதில் மிக முக்கியமானது. குடியால் ஈரல் கெட்டுச் சாகும் கணவன் மறைந்ததும், தனக்கு ஓர் ஆண் நண்பர் உண்டென்றும் இனி அவரோடு வாழப்போவதாகவும் மகனிடம் அவள் சொல்கிறாள். குற்றவுணர்வு சிறிதுமின்றி, சந்தைக்குப் போய்வருவதாகச் சொல்வதுபோன்ற குரலில் யூன் அதைச் சொல்கிறார். வீட்டைச் செப்பனிடப் பணம் தேவைப்பட்டதால் இவ்வேடத்தை ஏற்றதாக அவர் பிற்காலத்தில் கூறியதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

2010-இல் இம் சாங்-சூ 'பணிப்பெண்' கதையைப் புதிதாக எடுத்தபோது வட்டம் முழுமையாயிற்று. இளம் பணிப்பெண்ணாக ஜொன் தோ-யொன் நடித்தார். நெடுநாள் அவ்வீட்டில் உழைத்த மூத்த பணிப்பெண் பியொங்-சிக் வேடம் யூனுக்கு. 1960-இன் மூலப்படத்திலோ 1971-இன் மறு ஆக்கத்திலோ இல்லாத பாத்திரம் அது. இளையவளின் கருவை அவளுக்கு முன்பே உணர்ந்து, எசமானியின் தாயிடம் சொல்பவள் பியொங்-சிக்தான். மகனை அரசு வழக்கறிஞர் ஆக்கிய பெருமிதமும், எசமானர்முன் குனிந்து குனிந்து சேர்ந்த அருவருப்பும் அவளிடம் ஒருங்கே உள்ளன. எவரும் இல்லாதபோது எசமானரின் மதுவைக் குடிக்கிறாள். அந்த வேலையின் இழிவைச் சொல்ல, நான்கு இழிசொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆக்கிய 'ஆதொமேச்சி' என்னும் சொல்லை உதிர்க்கிறாள். மியொங்-ஜா சாகாமல் நாற்பதாண்டு அவ்வீட்டிலேயே வேலை பார்த்திருந்தால் இப்படித்தான் ஆகியிருப்பாள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. படம் மொத்தத்தில் மூலத்தின் ஆற்றலை எட்டவில்லை. செல்வச் செழிப்பைக் காட்டும் ஆர்வத்தில் வீட்டின் நெருக்கடியைக் கோட்டைவிடுகிறது. ஆனால் யூன் வரும் காட்சிகளில் அக்குறை தெரிவதில்லை. அவ்வாண்டு கொரியாவின் முக்கியத் துணை நடிகை விருதுகள் பல அவருக்கே கிடைத்தன.

அதே 2010-இல் கான் திரைவிழாப் போட்டிப் பிரிவில் இன்னொரு கொரியப் படமும் இருந்தது. லீ சாங்-தொங்கின் 'கவிதை' என்னும் அப்படத்தில், பிரான்சுக்குச் சென்ற யுன் ஜொங்-ஹீ 16 ஆண்டுகளுக்குப் பின் நடித்திருந்தார். முதியவர் ஒருவரைப் பேணி ஊதியம் பெறும் மூதாட்டியாக அவர் அதில் வருகிறார். பெரும் நட்சத்திரமாக இருந்து விலகியவர் ஒருவர், இடைவிடாது சிறு வேடங்களில் உழைத்தவர் மற்றொருவர். இருவரும் ஒரே ஆண்டில், வீட்டுப் பணி செய்யும் முதிய பெண்ணின் வேடத்தில் சந்திக்கின்றனர். கொரியத் திரை முதிய நடிகைக்கு ஒதுக்கும் இடம் எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

2012-இல் யூன் நடித்த இரு படங்கள் கான் போட்டிப் பிரிவில் இடம்பெற்றன. இம் சாங்-சூவின் 'பணத்தின் சுவை' படத்தில் இளம் செயலரைத் தன் இச்சைக்கு உட்படுத்தும் பெருவணிகக் குடும்பத் தலைவி. ஹொங் சாங்-சூவின் 'வேற்று நாட்டில்' படத்தில் கடனுக்கு அஞ்சி மகளோடு கடற்கரை ஊரில் ஒதுங்கிய தாய். அதே ஆண்டு கேபிஎஸ் வார இறுதித் தொடர் ஒன்றில் இழந்த மகனைக் கண்டடையும் மாமியார். அறுபது வயதுக்குப் பின் தமக்குப் பிடித்தவர்களோடு மட்டும் வேலை செய்வதே தாம் தமக்கு அளித்துக்கொண்ட ஆடம்பரம் என்று அவர் சொன்னது இக்காலத்தைக் குறித்தே. மகன்கள் வளர்ந்துவிட்டனர். ஊதியத்துக்காக எதையும் ஏற்கும் தேவை நீங்கியிருந்தது.

'பாக்கஸ்' பெண்மணி

ஈ ஜே-யொங் இயக்கிய 'பாக்கஸ் பெண்மணி' (2016) யூனின் திரைவாழ்வில் மிகக் கடினமான படம். என் மதிப்பீட்டில் மிகச் சிறந்ததும் அதுவே. சியோலின் ஜொங்னோ பகுதிப் பூங்காக்களில் முதியவர்களை அணுகி, பாக்கஸ் என்னும் ஊக்கபானத்தை நீட்டும் சாக்கில் உடலை விற்கும் 65 வயதுப் பெண் சோ-யொங்கின் கதை அது. முதியோர் வறுமை விகிதத்தில் வளர்ந்த நாடுகளுள் கொரியா முதலிடத்தில் இருந்த காலம். 2010களின் நடுவில் முதியோருள் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருந்தனர். சோ-யொங் முன்பு அமெரிக்கப் படைமுகாம் அருகே பாலியல் தொழில் செய்தவள். அங்குப் பிறந்த குழந்தையைத் தத்துக் கொடுத்தவள்.

படத்தின் கொரியத் தலைப்பு 'கொன்று தரும் பெண்' என்று சொல்லுக்குச் சொல் பொருள்படும். பேச்சுவழக்கில் அது 'அசத்திவிடுபவள்' என்னும் பாராட்டாகவும் ஆகும். நன்றாகப் பாடியவரைக் 'கொன்னுட்டாங்க' என்று மெச்சும் நம் பேச்சுத் தமிழில் இவ்விரட்டைப் பொருள் அப்படியே பொருந்துகிறது. தொழிலில் அவள் பெற்ற பெயர், கதை வளர வளர நேர்ப்பொருளுக்குத் திரும்புகிறது. நோயிலும் தனிமையிலும் வாடும் பழைய வாடிக்கையாளர் சிலர் தம்மைக் கொன்றுவிடுமாறு அவளைக் கேட்கின்றனர். பிள்ளைகள் செய்யாத பணிவிடையின் கடைசிக் கூறாக அக்கொலையை அவள் செய்கிறாள். யூன் இக்காட்சிகளில் அழுகையைப் பெரும்பாலும் தவிர்க்கிறார். வேலையொன்றைச் செய்து முடிக்கும் கையசைவே மிஞ்சுகிறது. 1971-இன் மியொங்-ஜா நஞ்சை ஆயுதமாகக் கொண்டவள். 2016-இன் சோ-யொங்கிடம் அது பிறர் கேட்டுப் பெறும் உதவியாகிறது. அந்த உதவியைக் கேட்டவர்கள் எவரும் அவளுக்கு வரப்போகும் சிறையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

புலம்பெயர்ந்த பாட்டி

லீ ஐசக் சங்கின் 'மினாரி' (2020) 1980களில் அர்கன்சாஸ் மாநிலத்தில் பண்ணை அமைக்க முயலும் கொரியக் குடும்பத்தைப் பற்றியது. இயக்குநரின் இளமை நினைவுகளிலிருந்து எழுந்த கதை. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கொரியாவிலிருந்து மிளகாய்த் தூளும் நெத்திலிக் கருவாடும் சுமந்து வருகிறாள் பாட்டி சூன்-ஜா. கணவன் மனைவி இருவரும் கோழிக்குஞ்சுகளைப் பால் பிரிக்கும் தொழிற்கூடத்தில் கூலிக்கு உழைப்பதால், வீட்டுக்கு ஊதியமில்லாத ஒரு பேணுநர் தேவைப்படுகிறார். மீண்டும் 'சிக்மோ'வின் இடம். ஆனால் சூன்-ஜாவுக்குச் சமைக்கத் தெரியாது. சீட்டு விளையாடுகிறாள், மற்போர் பார்க்கிறாள், கெட்ட வார்த்தை பேசுகிறாள். உண்மையான பாட்டி அப்படி இருக்கமாட்டாள் என்பது பேரன் டேவிட்டின் வாதம்.

யூன் 1970களின் நடுவிலிருந்து 1984 வரை அமெரிக்கத் தென்பகுதியில் குடியேறியவராக வாழ்ந்தவர். 'இடைவெளி' என்று கடக்கப்பட்ட அவ்வாண்டுகள் இப்படத்தில் நேரடியாகப் பயன்பட்டன. பாட்டி கொட்டைப் பழத்தைத் தன் வாயில் கடித்து மென்று பேரனுக்குக் கொடுக்கும் காட்சி யூன் அமெரிக்காவில் கண்ட நிகழ்வொன்றிலிருந்து வந்தது. இயக்குநர் தம் பாட்டியைப் போலவே நடிக்குமாறு கட்டாயப்படுத்தாமல் உரிமை தந்ததே தமக்கு இப்படத்தின்பால் நம்பிக்கை பிறக்கக் காரணம் என்றும் யூன் கூறியுள்ளார்.

ஆப்பிள் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட 'பச்சின்கோ' தொடரில், ஜப்பானில் குடியேறிய கொரியப் பெண் சுன்ஜாவின் முதுமைப் பருவத்தை யூன் ஏற்றார். 1989-இன் டோக்கியோவில் இன்னொரு மூதாட்டி சமைத்துத் தந்த சோற்றை வாயிலிட்டதும், அது தாய்நாட்டில் விளைந்த அரிசி என்று அவள் அறிந்துகொள்ளும் காட்சியில் உரையாடல் மிகக் குறைவு. பின்னர் சுன்ஜா தான் பிறந்த பூசானுக்குத் திரும்பிச் செல்கிறாள். கேசொங்கில் பிறந்தவர் அக்காட்சியில் நடித்தார் என்பதை அறிந்து பார்ப்பவர்க்கு அதன் எடை வேறாக இருக்கும்.

இப்படங்களில் பெண் வீட்டைவிட்டு வெளியேறும் தருணங்களைத் தனியே எடுத்து நோக்குவது பயன்தரும். 'நெருப்புப் பெண்' படத்தின் மியொங்-ஜா உயிரோடு வெளியேறவில்லை. 2010-இன் பியொங்-சிக் எசமானர் முகத்துக்கு நேரே வேலையை உதறிவிட்டு வெளியேறுகிறாள். 'மினாரி'யில் பக்கவாதத்தால் கை வசப்படாத சூன்-ஜா, குப்பை எரிக்கும்போது தவறுதலாகத் தீப்பிடிக்க வைத்து விளைச்சல் முழுவதையும் அழித்துவிடுகிறாள். அன்றிரவு வீட்டுக்கு எதிர்த்திசையில், இருட்டில் நடக்கத் தொடங்குகிறாள். இதயக் குறைபாட்டால் ஓடக்கூடாதென்று தடுக்கப்பட்டிருந்த டேவிட் ஓடிப்போய் வழியை மறிக்கிறான். அவள் திரும்புகிறாள். பின்வரும் காட்சியில் குடும்பத்தார் தரையில் ஒன்றாகப் படுத்துறங்குவதை நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். யூனுக்கு அக்காட்சியில் வசனம் இல்லை.